ஒட்டகங்கள் ஏன் நின்றன? ஆசியத் தரைவழி வணிகத்தின் எழுச்சியும் தளர்ச்சியும்



பட்டுப் பாதை என்ற பெயரைக் கேட்டதும் பலருடைய மனக்கண்ணில் ஒரே காட்சிதான் வரும். மஞ்சள் மணல்மேடு, மாலைச் சூரியன், கழுத்து மணி குலுங்க வரிசையாகப் போகும் ஒட்டகங்கள். சுற்றுலா விளம்பரங்கள் இந்தக் காட்சியைச் சலிக்கச் சலிக்கக் காட்டிவிட்டன. ஆனால் அந்தப் பாதை எதனால் உயிரோடு இருந்தது, எதனால் ஓய்ந்தது என்பதை அறிய வேண்டுமானால், இந்தக் காட்சியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அதே பாதையில் போக வழியின்றி நின்றுபோன ஒரு தாயையும் மகளையும் முதலில் பார்க்க வேண்டும்.

1907-ஆம் ஆண்டு. சீனாவின் மேற்குப் பகுதியில், துன்ஹுவாங் நகருக்கு அப்பால் உள்ள பாலை நிலத்தில், பழங்காலத்து எல்லைக் காவல் கோபுரங்கள் இடிந்து கிடந்தன. ஹங்கேரியில் பிறந்து, பிரிட்டிஷ் இந்திய அரசுக்காகப் பணியாற்றிய ஆய்வாளர் ஆரல் ஸ்டைன், அவற்றுள் ஒன்றின் குப்பையைக் கிளறியபோது, மடித்து வைத்த காகிதக் கடிதங்கள் சில கிடைத்தன. அவற்றில் இருந்தது சீன எழுத்தன்று. சோக்டிய மொழியின் எழுத்து. சோக்டியா என்பது இன்றைய உஸ்பெகிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் அடங்கியுள்ள சமர்கந்து, புகாரா வட்டாரத்தின் பழைய பெயர். கடிதங்கள் கி.பி. 313-ஐ ஒட்டிய காலத்தில் எழுதப்பட்டவை என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு.

அவற்றுள் இரண்டு கடிதங்களை எழுதியவள் மிவ்னாய் என்ற பெண். ஒன்று தாய்க்கு, மற்றொன்று கணவன் நானை-தத்துக்கு. கணவனின் சொல்லை நம்பி, தாயும் உடன்பிறந்தாரும் தடுத்தும் கேளாமல் துன்ஹுவாங்குக்கு வந்தவள் அவள். கணவன் எங்கோ போய்விட்டான். மூன்று ஆண்டுகளாகப் பதில் இல்லை. கையில் காசில்லை, உடுத்த நல்ல துணியில்லை. கடன் கேட்டால் கொடுப்பார் இல்லை. ஊரில் உள்ள உறவினரும் பெரியவர்களும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். கோயில் பூசாரி ஒருவர்தான் இரக்கப்பட்டு உதவுகிறார். ஊருக்குப் போகும் வணிகக் கூட்டம் ஒரு முறையல்ல, ஐந்து முறை புறப்பட்டும், துணைக்கு ஆள் இல்லாததால் அவளால் போக முடியவில்லை. உனக்கு மனைவியாக இருப்பதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருக்கலாம் என்ற பொருளில் அவள் கணவனைச் சாடுகிறாள். கடிதத்தின் ஓரத்தில் மகள் ஷயின் தன் பங்குக்குச் சில வரிகள் சேர்த்திருக்கிறாள். துணையாக இருந்திருக்க வேண்டிய பர்ன்குந்த் என்பவன் கடனை வைத்துவிட்டு ஓடிவிட்டான். அவன் கடனுக்காகத் தாங்கள் இருவரும் சீனர் வீட்டில் வேலையாட்களாகிவிட்டோம் என்பதே அவள் தந்தைக்குச் சொன்ன செய்தி.

அந்தக் கட்டில் இருந்த இன்னொரு கடிதம், நானை-வந்தக் என்ற வணிகன் சமர்கந்தில் இருந்த தன் முதலாளிக்கு எழுதியது. அதில்தான் மிவ்னாய் ஏன் சிக்கிக்கொண்டாள் என்பதற்கான விடை இருக்கிறது. சீனத் தலைநகர் லோயாங் எரிந்துவிட்டது. பேரரசர் பஞ்சத்துக்கு அஞ்சி ஓடிவிட்டார். அங்கிருந்த இந்தியரும் சோக்டியரும் பட்டினியால் மாண்டனர் என்று அவன் எழுதுகிறான். கி.பி. 311-இல் சியோங்னு படையினர் லோயாங்கைச் சூறையாடிய செய்தி அது. உள்நாட்டில் இருந்த கூட்டாளிகளிடமிருந்து மூன்று ஆண்டுகளாகத் தகவலே இல்லை என்றும் அவன் சொல்கிறான். தான் பிழைக்கமாட்டோம் என்ற எண்ணம் அவனுக்கு வந்துவிட்டது. ஆகவே ஊரில் வைத்துவிட்டு வந்த பணத்தையும், தான் அனுப்பும் 32 கஸ்தூரிப் பைகளின் மதிப்பையும் ஒரு சிறுவனின் பெயரில் முதலீடு செய்து வளர்க்கும்படி கேட்டுக்கொள்கிறான்.

இந்தக் கடிதங்கள் எவையும் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. காவல் கோபுரத்தோடு அவற்றின் பயணம் முடிந்துவிட்டது. 1,600 ஆண்டுகள் அங்கேயே கிடந்து, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

ஒரே சாலை இருந்ததில்லை

"பட்டுப் பாதை" என்பது பழைய பெயரன்று. அந்தப் பாதையில் நடந்த எவரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. 1877-இல் ஜெர்மானியப் புவியியல் அறிஞர் ஃபெர்டினாண்ட் ஃபான் ரிக்ட்ஹோஃபென் பரப்பிய பெயர் அது. அந்தப் பெயரால் இரண்டு தவறான எண்ணங்கள் பதிந்துவிட்டன. ஒன்று, ஒரே நீண்ட சாலை இருந்தது என்பது. மற்றொன்று, சீனாவில் பட்டை ஏற்றிய வணிகன் ரோமாபுரியில் போய் இறக்கினான் என்பது.

உண்மையில் அது ஊருக்கு ஊர் கைமாறிய வணிகம். சீனத் தலைநகர் சாங்ஆனிலிருந்து கான்சு இடைவழியாக துன்ஹுவாங் வரை வந்து, அங்கே தக்லமாக்கான் பாலைவனத்தின் வடக்குக் கரையாகவும் தெற்குக் கரையாகவும் பிரியும். வடக்கே துர்ஃபான், குச்சா. தெற்கே நியா, கோத்தான். இரண்டும் காஷ்கரில் சேர்ந்து, பாமீர் மலையைக் கடந்து, சமர்கந்துக்கும் பாக்திரியாவுக்கும் போகும். அங்கிருந்து ஒரு கிளை ஈரானுக்கும் சிரியாவுக்கும், ஒரு கிளை இந்து குஷ் மலையைத் தாண்டி காந்தாரத்துக்கும். சாங்ஆனிலிருந்து சமர்கந்து வரை மட்டும் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பாலான வணிகர் இரண்டு மூன்று ஊர்களுக்கு இடையே போய் வந்தவர்கள்தாம்.

தமிழகக் கரைக்கும் இந்தப் பட்டு வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வணிகக் கையேடு, சீனப் பட்டு தரைவழியாக பாக்திரியா வந்து, அங்கிருந்து குஜராத்தின் பரூச் துறைமுகத்தை அடைந்ததையும், கங்கை வழியாகத் தமிழகக் கரைக்கு வந்ததையும் குறிப்பிடுகிறது. ஆகத் தரைவழி வேறு, கடல்வழி வேறு என்று தொடக்கத்திலிருந்தே கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

பாதையைத் திறந்தவர் எதைத் தேடிப் போனார்?

வணிகம் செய்யப் போனவர் அல்லர் அவர். கி.மு. 138-இல் ஹான் பேரரசர் வூ, சாங் சியன் என்ற அதிகாரியை நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களுடன் மேற்கே அனுப்பினார். வடக்கிலிருந்து ஓயாமல் தொல்லை கொடுத்த சியோங்னு குதிரைப் படைகளுக்கு எதிராக, அவர்களால் துரத்தப்பட்ட யூச்சி மக்களோடு கூட்டணி அமைப்பதே நோக்கம். போன வழியிலேயே சியோங்னு ஆட்களிடம் பிடிபட்டார். சுமார் பத்து ஆண்டுகள் சிறை. அங்கேயே ஒரு பெண்ணை மணந்து, மகனும் பிறந்தான். அப்படியும் தூதர் என்ற அடையாளக் கோலை அவர் கைவிடவில்லை என்று சீன வரலாறு பெருமையாகச் சொல்கிறது.

தப்பி ஓடி, ஃபெர்கானாவைக் கடந்து, யூச்சி மக்களைக் கண்டுபிடித்தபோது, அவர்களுக்குப் பழிவாங்கும் எண்ணமே போய்விட்டிருந்தது. நல்ல நிலம் கிடைத்துவிட்டது, பழைய பகை எதற்கு? ஆக வந்த காரியம் பலிக்கவில்லை. திரும்பும் வழியில் மீண்டும் பிடிபட்டு, மீண்டும் தப்பி, சுமார் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தலைநகர் வந்து சேர்ந்தார். புறப்பட்ட நூற்றுவரில் திரும்பியவர்கள் அவரும் கான்ஃபு என்ற வழித்துணைவரும் மட்டுமே. சியோங்னு மனைவியும் உடன் வந்தாள்.

ஆனால் அவர் கொண்டுவந்த செய்தி பேரரசரை நிமிர்ந்து உட்கார வைத்தது. பாக்திரியாவின் சந்தையில் தென்மேற்குச் சீனாவின் மூங்கில் தடிகளையும் சிச்சுவான் துணியையும் சாங் சியன் பார்த்திருந்தார். எப்படி வந்தன என்று கேட்டபோது, இந்தியாவிலிருந்து வாங்கி வந்தோம் என்றார்கள் கடைக்காரர்கள். அரசு தூதர் அனுப்புவதற்கு முன்பே சரக்கு தானாக வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பேரரசருக்கு மிகவும் பிடித்தவை ஃபெர்கானாவின் உயர்ரகக் குதிரைகள். விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. கி.மு. 104 முதல் 101 வரை படையெடுத்து வாங்கினார். அதன்பிறகு எல்லைச் சுவர் மேற்கே நீண்டது, காவல் கோபுரங்கள் எழுந்தன, பாலைச்சோலைகளில் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்டார்கள்.

இங்கேதான் கதையின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. அந்த வீரர்களுக்குச் சம்பளம் எதில் கொடுப்பது? செப்புக் காசு கனமானது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுமப்பது கடினம். தானியம் வழியிலேயே தீர்ந்துவிடும். பட்டுச் சுருள் இலேசானது, கெடாது, அளவு ஒரே சீரானது. எனவே பட்டே பணமாகப் போனது. பிற்காலத்தில் தாங் பேரரசு, குறிப்பாக 8-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மேற்கு எல்லைப் படைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சுருள் பட்டை அனுப்பியது. வீரன் அதைக் கொண்டு உள்ளூர்ச் சந்தையில் கோதுமையும் குதிரையும் செருப்பும் வாங்கினான். அந்தப் பட்டை வாங்கிய வணிகன் மேற்கே கொண்டுபோய் விற்றான். வணிகர்களின் துணிச்சலைப் பாராட்டும் நூல்கள் பல இருக்கின்றன. பாராட்டட்டும். ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் சீன விவசாயக் குடும்பங்கள் வரியாக நெய்து கொடுத்த பட்டு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாக்கில் இனிப்பு, உள்ளங்கையில் பசை

இந்தப் பட்டைக் கைமாற்றிக் கொண்டுபோனவர்களுள் தலைமையானவர்கள், மிவ்னாயின் இனத்தவரான சோக்டியர்கள். சோக்டிய வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் நாக்கில் இனிப்பும் உள்ளங்கையில் பசையும் வைப்பார்கள் என்று சீனர்கள் எழுதி வைத்தார்கள். இனிக்கப் பேச வேண்டும், வந்த காசு கையில் ஒட்ட வேண்டும்! சற்றுப் பொறாமையோடு எழுதப்பட்ட குறிப்பு போலத்தான் தெரிகிறது. இருபது வயதானால் பிள்ளை வெளியூருக்கு வணிகம் செய்யப் போய்விடுவான் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. பிழைக்க வெளிநாடு போன குடும்பங்களுக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது.

சீன நகரங்களில் இருந்த சோக்டியக் குடியிருப்பின் தலைவருக்கு "சாபாவ்" என்று பட்டம். இது சோக்டிய மொழியில் வணிகக் கூட்டத்தின் தலைவனைக் குறிக்கும் சொல்லின் சீன வடிவம். அந்தச் சோக்டியச் சொல்லோ வடமொழியின் "சார்த்தவாக" என்பதிலிருந்து வந்தது. தமிழில் வணிகக் கூட்டத்தைச் "சாத்து" என்கிறோம். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான். சாங்ஆனில் இருந்த சாபாவும் புகார் நகரத்து மாசாத்துவானும் ஒரே சொல்லின் வாரிசுகள்!

சோக்டியரின் பலம் எதில் இருந்தது என்பதற்கு துர்ஃபானில் கிடைத்த ஒரு வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஊரில் இறந்தவர்களுக்குக் காகிதச் செருப்பும் காகித உடையும் செய்து அணிவித்துப் புதைப்பது வழக்கம். காகிதம் விலையுயர்ந்தது. ஆகவே அரசு அலுவலகம் கழித்துப்போட்ட பழைய பத்திரங்களை வெட்டித் தைத்தார்கள். வறண்ட மண்ணில் அவை அழியவில்லை. ஆய்வாளர்கள் அந்தச் செருப்புகளைப் பிரித்து ஒட்டவைத்தபோது கடன் பத்திரங்கள், ஒட்டகம் விற்ற ஒப்பந்தங்கள், நீதிமன்ற வாக்குமூலங்கள் எல்லாம் வெளிவந்தன.

கி.பி. 670-ஐ ஒட்டி நடந்த வழக்கு இது. சோக்டிய வணிகர் ஒருவர், சீன வணிகரான லி ஷாவ்ஜின் என்பவருக்கு 275 சுருள் பட்டைக் கடனாகக் கொடுத்தார். பிறகு குச்சா நகரை நோக்கி விலங்குகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், ஊர் போய்ச் சேரவில்லை. கடன் பத்திரமும் அவரோடு போய்விட்டது. அவருடைய தம்பி சாவ் லுஷான் சீன நீதிமன்றத்துக்குப் போகிறார். பத்திரம் எங்கே என்று கேட்கிறார் எதிராளி. பத்திரம் எழுதியபோது உடனிருந்த இரண்டு சாட்சிகள் வந்து உண்மையைச் சொல்கிறார்கள். நீதிமன்றம் வெளிநாட்டு வணிகருக்குச் சாதகமாக முடிவு செய்கிறது.

ஒரு சோக்டியன் சீன மண்ணில் சீனன்மேல் வழக்குப் போட்டு, பத்திரமே இல்லாமல் வெல்ல முடிந்தது. அந்த ஊரில் வணிகம் தழைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மிவ்னாய் காலத்தில் இல்லாமற்போனது இதுதான். அவளுக்கும் ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள், கோயில் இருந்தது, கடன் கணக்கு இருந்தது. முறையிட ஓர் அரசு இல்லை.

தண்ணீரும் வாளும்

பாதை தளர்ந்த கதையை ஒரே நாளில், ஒரே காரணத்தால் நடந்ததாகச் சொல்வது எளிது, ஆனால் சரியாகாது. துண்டு துண்டாகத்தான் அது தளர்ந்தது.

தக்லமாக்கானின் தெற்குக் கரையில் முதலில் போனது தண்ணீர். கோன்லுன் மலைப் பனி உருகி வரும் ஆறுகளை நம்பி இருந்த ஊர்கள் நியாவும் லௌலானும். நியாவில் 1901-இல் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்த மரப்பலகை ஆவணங்கள் இந்தியாவின் கரோஷ்டி எழுத்தில், காந்தாரப் பிராகிருத மொழியில் இருந்தன. அவற்றைக் கட்டி வைத்த களிமண் முத்திரைகள் சிலவற்றில் கிரேக்கத் தெய்வமான அத்தீனாவின் உருவம்! சீனப் பாலைவனத்தில் இந்திய எழுத்தும் கிரேக்க முத்திரையும். அந்த ஊர்கள் 4-ஆம் நூற்றாண்டு அளவில் கைவிடப்பட்டன. ஆறு திசை மாறினாலும், கால்வாயைப் பராமரிக்க ஆட்சி இல்லாமற்போனாலும், பாலைச்சோலைக்கு முடிவு ஒன்றுதான். வணிகர்கள் வடக்குக் கரைக்கு மாறினார்கள். மேற்குக் கோடியில் இருந்த பல்மைரா நகரமோ ரோமப் பேரரசர் அவுரேலியனின் படைகளால் 3-ஆம் நூற்றாண்டிலேயே வீழ்ந்தது. அதன் எஞ்சிய கோயில்களை 2015-இல் தீவிரவாதிகள் வெடிவைத்துத் தகர்த்ததை நேயர்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

பட்டின் இரகசியமும் சீனாவின் கையைவிட்டுப் போனது. கோத்தானுக்கு மணமாகிப் போன இளவரசி தலைமுடிக்குள் பட்டுப்புழு முட்டையை மறைத்துக் கொண்டுபோனாள் என்பது கதை. அந்தக் கதையை வரைந்த மரப்பலகை ஓவியமே கிடைத்திருக்கிறது; கதை உண்மையா என்பது வேறு விஷயம். 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் பைசாந்தியப் பேரரசுக்கும் துறவிகள் வழியாகப் பட்டுப்புழு போய்ச் சேர்ந்தது. ஆனாலும் வணிகம் நிற்கவில்லை. பட்டு மட்டும்தான் சரக்கு என்றிருந்தால் அப்போதே நின்றிருக்கும். கஸ்தூரி, நவச்சாரம், வெள்ளிப் பாத்திரம், குதிரை, மருந்து, அடிமைகள் என்று பலவும் அந்த வழியில் கைமாறின.

பெரிய அடி விழுந்தது கி.பி. 755-இல். தாங் பேரரசின் வடகிழக்குத் தளபதி ஆன் லுஷான் கிளர்ச்சி செய்தார். அவருடைய தந்தை சோக்டியர், தாய் துருக்கியர். "ஆன்" என்பது புகாரா ஊர்க்காரர்களுக்குச் சீனர் வைத்த குடும்பப் பெயர். "லுஷான்" என்பது ஒளி என்று பொருள்படும் ரொக்ஷன் என்ற சோக்டியப் பெயர். முன்பு வழக்கில் வென்ற வணிகர் சாவ் லுஷானுக்கும் அதே பெயர்தான்! ஒரு லுஷான் சீனச் சட்டத்தை நம்பி நீதிமன்றம் போனார். எண்பத்தைந்து ஆண்டுகளில் இன்னொரு லுஷான் அந்த அரசையே ஆட்டம் காண வைத்தார்.

கிளர்ச்சியை அடக்க மேற்கு எல்லைப் படைகள் திருப்பி அழைக்கப்பட்டன. சம்பளப் பட்டு நின்றது. காவல் இல்லாத கான்சு இடைவழி திபெத்தியர் கைக்குப் போயிற்று. 780-களில் துன்ஹுவாங்கும் வீழ்ந்தது. அங்கே காசே புழக்கத்திலிருந்து மறைந்து, கடனைத் தானியத்தில் கணக்குப் பார்க்கும் நிலை வந்தது. சீனாவில் வாழ்ந்த சோக்டியர்மேல் சந்தேகம் விழுந்தது. பலர் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டு அடையாளத்தை மறைத்தார்கள். அவர்களின் தாயகமான சமர்கந்து 712-லேயே அரபுப் படைகளின் வசமாகியிருந்தது.

களிமண் கிண்ணங்கள் சொல்லும் சேதி

அதற்குள் தெற்கே வேறு ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போனால் போதும்.

1998-இல் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவுக்கு அருகே, கடலட்டை பிடிக்க மூழ்கியவர்கள் ஒரு பழைய கப்பலின் சிதைவைக் கண்டார்கள். அரபுநாட்டு முறையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. அதற்குள் சுமார் 60,000 சீன மட்பாண்டங்கள். பெரும்பாலானவை சாங்ஷா சூளையில் சுட்ட சாதாரணக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் பொறித்திருந்த தேதி கி.பி. 826-ஐக் குறிக்கிறது. 2005-இல் சிங்கப்பூர் அந்தச் சரக்கை வாங்கியது.

அந்தக் கிண்ணங்களை ஒட்டகத்தில் ஏற்றிப் பாமீர் மலையைக் கடப்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் ஒட்டகம் சுமப்பது 150 முதல் 200 கிலோ. தினமும் மாலையில் சுமையை இறக்கி, காலையில் ஏற்ற வேண்டும். போய்ச் சேரும்போது மிஞ்சுவது ஓட்டுச் சில்லுதான். தரைவழியில் போகத் தகுந்தது இலேசான, விலையுயர்ந்த சரக்கு மட்டுமே. கப்பலோ கிண்ணத்தையும் ஏற்றும், மிளகையும் ஏற்றும், ஈயத்தையும் ஏற்றும். சாதாரணக் குடும்பம் புழங்கும் பொருள் கண்டம் விட்டுக் கண்டம் போகத் தொடங்கியது கடலால்தான். ஒட்டகத்தைக் கப்பல் ஒரேயடியாகத் தோற்கடித்தது என்பதைவிட, ஒட்டகத்தால் என்றுமே தொட முடியாத சரக்குகளைக் கப்பல் எடுத்துக்கொண்டது என்பதே பொருந்தும். மலாக்கா நீரிணையின் கரையில் துறைமுகங்கள் எழுந்ததும் இதனால்தான்.

மங்கோலியர் கொடுத்த மறுவாழ்வு

13-ஆம் நூற்றாண்டில் தரைவழி மீண்டும் ஒருமுறை தலைநிமிர்ந்தது. மங்கோலியர் நகரங்களை எரித்த விதத்தை நினைத்தால், அவர்களை வணிகத்தின் காவலர் என்று சொல்ல மனம் கூசும். ஆனால் எரித்து முடித்த பிறகு, கருங்கடலிலிருந்து சீனா வரை அவர்களின் ஆட்சி பரவியது. குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு தங்குமிடமும் மாற்றுக் குதிரையும் வைத்த "யாம்" என்ற அஞ்சல் முறை இயங்கியது. கானின் உலோகத் தகட்டைக் காட்டினால் உணவும் குதிரையும் கிடைக்கும். 1340-ஐ ஒட்டி, ஃபிளாரன்ஸ் நகரத்து வணிக நிறுவன ஊழியரான பெகொலொத்தி எழுதிய கையேடு, கருங்கடல் பகுதியிலிருந்து சீனா போகும் வழி இரவும் பகலும் பத்திரமானது என்று உறுதி சொல்கிறது. அவர் அந்த வழியில் போனவர் அல்லர். போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர்.

அந்தப் பத்திரம் எவ்வளவு மெல்லியது என்பதற்கு மார்க்கோ போலோவே சாட்சி. 1271-இல் தரைவழியாகச் சீனா போனவர் அவர். திரும்பும்போது, ஈரானை ஆண்ட மங்கோலிய மன்னருக்கு மணப்பெண்ணாகப் போன இளவரசியுடன் புறப்பட்டார். அவளை அழைத்துப்போக வந்த தூதர்கள் தரைவழியாகப் போக முயன்று, மங்கோலிய இளவரசர்களுக்குள் நடந்த சண்டையால் திரும்பி வந்துவிட்டார்கள். எனவே சுமத்ராவையும் தமிழகத்தின் பாண்டிய நாட்டுக் கரையையும் தொட்டுக்கொண்டு கடல்வழியாகத்தான் எல்லாரும் போனார்கள். 1295-இல் வெனிஸ் வந்து சேர்ந்தார். பட்டுப் பாதையின் மிகப் புகழ்பெற்ற பயணி, பாதை செழித்ததாகச் சொல்லப்படும் காலத்திலேயே, வீட்டுக்குக் கப்பலில் திரும்பினார்!

பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. 1335-இல் ஈரானிய மங்கோலிய அரசு சிதறியது. 1340-களில் கொள்ளைநோய் பரவியது. 1368-இல் சீனாவில் மங்கோலியர் துரத்தப்பட்டு மிங் ஆட்சி வந்தது. 1372-இல் மிங் அரசு கான்சு இடைவழியின் மேற்கு முனையில் சியாயூகுவான் கோட்டையைக் கட்டியது. சீனாவின் எல்லை இனி இதுதான் என்று அந்தக் கதவு அறிவித்தது. துன்ஹுவாங் கதவுக்கு வெளியே நின்றது.

1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோப்பிளைப் பிடித்து வழியை அடைத்தார்கள், அதனால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் பலர் இருப்பார்கள். அந்தப் பாடத்தை இனித் திருத்தலாம். ஐரோப்பாவுக்கு மிளகு போன முக்கிய வாசல்களான அலெக்சாந்திரியாவும் பெய்ரூட்டும் 1516, 1517 வரை துருக்கியர் கையில் இல்லை. அவர்கள் கைக்கு வந்த பிறகும் வணிகத்தை அவர்கள் மூடவில்லை, வரி வாங்கினார்கள். 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததாலும், 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததாலும் தரைவழி உடனே செத்துவிடவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் முல்தான் வணிகர்கள் புகாராவிலும் இஸ்பஹானிலும் காஸ்பியன் கடலோர அஸ்திராகானிலும் கடை வைத்து வட்டித்தொழில் செய்தார்கள். 1727 ஒப்பந்தத்துக்குப் பிறகு, கியாக்தா எல்லைச் சந்தை வழியாகச் சீனத் தேயிலை ரஷ்யாவுக்கு ஒட்டக முதுகில்தான் போனது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தது. அதன்பின் சைபீரிய இரயில் பாதை வந்தது. ஒட்டகங்கள் நின்றது அப்போதுதான்.

இப்போது சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொள்கலன் இரயில்கள் ஓடுகின்றன. 2013-இல் சீன அதிபர் சி சின்பிங் கஸக்ஸ்தானில் அறிவித்த திட்டத்துக்குப் பழைய பட்டுப் பாதையின் பெயரே சூட்டப்பட்டது. 2022-இல் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்ததும், ரஷ்யா வழியாகச் சரக்கு அனுப்பத் தயங்கிய நிறுவனங்கள் காஸ்பியன் கடலைக் கடக்கும் மாற்று வழியைத் தேடின. நானை-வந்தக் இருந்திருந்தால் இந்தச் செய்தியையும் சமர்கந்துக்கு எழுதியிருப்பான்.

மிவ்னாய் எழுதிய மொழி முற்றாக மறையவில்லை. தஜிகிஸ்தானின் யக்னோப் பள்ளத்தாக்கில் அதன் வழிவந்த பேச்சுமொழி ஒன்று இன்றும் சில ஆயிரம் பேரிடம் இருக்கிறது. சாலை எட்டாத மலைக்குள் வாழ்ந்ததால்தான் அது தப்பியது. 1970, 1971-ஆம் ஆண்டுகளில் சோவியத் அரசு அந்த மக்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, பருத்தி வயல்களில் வேலை செய்யச் சமவெளிக்கு அனுப்பிவிட்டது. வெப்பமும் நோயும் தாங்காமல் பலர் இறந்தார்கள். 1980-களிலிருந்து சில குடும்பங்கள் மலைக்குத் திரும்பி, இடிந்த வீடுகளைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன.